வராத தண்ணீருக்கு எழுதிய பாட்டு

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் போர் போடுகிற ரிக் வண்டி முதலாளி ஒருவர் சேலத்தில் என் வீட்டைத் தேடி வந்தபோது, நான் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டுதான் வந்தார். வாசலில் நின்று என் மனைவியிடம், பழைய சினிமாவுக்கெல்லாம் பாட்டும் வசனமும் எழுதினவருடைய குடும்பம் இதுதானா என்று விசாரித்திருக்கிறார். குடும்பமும் இருக்கிறது, அவரும் இருக்கிறார், உள்ளே வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். உள்ளே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க தவறிட்டீங்கன்னு சொன்னாங்களே சாமி."

"சொன்னவங்களுக்கு என்ன அவசரமோ," என்றேன்.

அவர் வந்த காரியம் இது: ஆள் போனாலும் நோட்டுப் புத்தகம் இருக்கும், அதில் படமாக்காத கதை ஏதாவது மிச்சம் இருக்கும், பெண்டாட்டி பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் உயிரோடு இருந்தது அவருக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. இது எழுபதுகளின் பிற்பகுதியில்.

நான் யார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பெருமைக்காக அல்ல, அதில் பெருமைப்பட அதிகம் கிடையாது. இளம்பிள்ளையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தேன். தறியில் உட்காரச் சோம்பல்பட்டு நாடகக் கம்பெனி ஒன்றில் பாட்டுக் கட்டுபவனாகச் சேர்ந்தேன். ஓமலூரில் அந்தக் கம்பெனி கலைந்தபோது, சேலத்தில் பேசும் படம் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு படத்துக்கு முப்பது பாட்டு வேண்டியிருந்த காலம் அது. ராஜா பாடிக்கொண்டே வருவார். சேதி கொண்டு வருகிறவன் சேதியைப் பாடுவான். அம்பு தைத்து விழுந்தவன்கூடச் சரணம் முடியாமல் கண்ணை மூட மாட்டான். வடக்கத்தி இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, அந்த மெட்டுக்கு வார்த்தை போடச் சொல்வார்கள். அர்த்தம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். தையற்காரன் வேலை. என்னைவிட நல்ல தையற்காரர்கள் அதிகமில்லாத காரணத்தால் எனக்குப் பெயர் வந்தது. நிலாவைப் பார்த்து ஒரு பெண் அழுகிற பாட்டு ஒன்றை எழுதினேன். அதை மாவட்டமே பாடியது. நிலா என்ன தப்புச் செய்தது, அவள் எதற்காக அதனிடம் அழுகிறாள் என்று இன்றுவரை எவரும் என்னைக் கேட்கவில்லை.

பிறகு கதை வசனத்துக்கு ஏறினேன். என் வசனங்கள் நீளமானவை. நீதிமன்றத்தில் நிற்கிறவன், தூக்குமேடையில் நிற்கிறவன், தாயின் காலில் விழுந்தவன், எல்லாரும் மூச்சு விடாமல் பேசுவார்கள். கொட்டகையில் ஜனங்கள் கைதட்டினார்கள். கூட்டத்தோடு உட்கார்ந்து நானே தட்டியிருக்கிறேன். படத்தொழில் மொத்தமாகச் சென்னைக்குப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். இரண்டு வருஷம் பெரிய மனிதர்களின் வராந்தாக்களில் உட்கார்ந்துவிட்டு, உட்கார்ந்தது போதும் என்று திரும்பினேன். அதன் பிறகு கல்யாண வாழ்த்து மடல்கள் எழுதினேன். கொட்டகையில் இடைவேளையில் காட்டுகிற துணிக்கடை விளம்பரத்துக்கு, வானவில்லைத் தறியில் பூட்டிய கைகள் என்று எழுதினேன். அந்தக் கைகளில் என் தம்பியுடையதும் ஒன்று. படித்துவிட்டு, வானவில்லுக்குக் கஞ்சி போட வேண்டுமா என்று கேட்டான்.

இந்த லட்சணத்தில் இருந்தவனிடம்தான் ரிக் முதலாளி வந்தார். ஆந்திராவிலும் அதற்கு அப்பாலும் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பணக்காரர் ஆனவர். அவருடைய உறவினர் ஒருவர் ஈரோட்டில் ஏதோ படம் எடுத்துவிட்டாராம். அதிலிருந்து இவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கதை எதுவும் மிச்சமில்லை என்று நான் சொன்னபோது, எழப்போனவர் மறுபடி உட்கார்ந்து, எங்கய்யன் கதை ஒன்று இருக்கிறது, அது தேறுமா பாருங்கள் என்றார்.

அவருடைய அப்பா மேட்டு நிலத்தில் கிணறு வெட்டியவர். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. கடப்பாரையும் கூடையும் தானுமாக ஆறு வருஷம் வெட்டினார். மேலே நின்று மண்கூடையை இழுத்துக் கொட்டியது அவர் மனைவி. எழுபது அடி போயும் ஈரம்கூடத் தட்டவில்லை. அப்படியே ஒரு நாள் செத்துப்போனார். இவர் அப்போது சின்னப் பிள்ளை. அந்தக் காய்ந்த குழி இன்னும் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் ரிக் வண்டிகள் நிறுத்துகிற கொட்டகை என்றார்.

இதை அவர் ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கு முதுகு நிமிர்ந்தது. நாற்பது வருஷமாக எழுதி வந்ததில் ஒன்றுகூட இந்த எழுபது அடிக்குச் சமமாகாது என்று தெரிந்தது. மூன்று மாதம் முன்னறையில் உட்கார்ந்து எழுதினேன். தண்ணீர் கடைசிவரை வராத கதை. அந்த மனிதர் கிணற்றுக்குள்ளேயே பாறையைத் தழுவிக்கொண்டு பூமாதேவியிடம் நாலு பக்கம் பேசிவிட்டு உயிரை விடுகிறார். சாவைக் கிணற்றுக்குள் கொண்டுபோய் வைத்தது என் கைவண்ணம். ஆள் எப்படிச் செத்தார் என்று நான் மகனைக் கேட்கக்கூட இல்லை. கிணறு வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டேன். முடித்தபோது, இதுவரை எழுதியதெல்லாம் குப்பை, இது ஒன்றுதான் எழுத்து என்று மனைவியிடம் சொன்னேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தது முதலாளியின் மச்சினன். அவன் கதாநாயகனாக நடிப்பது கதை பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்ததாம். நல்ல மீசை, நல்ல மோட்டார் சைக்கிள், இரண்டையும் தடவிக்கொண்டே இருப்பான். அழுக்கு வேட்டியோடு குழிக்குள் மண் வெட்ட அவனுக்குச் சம்மதமில்லை. ஆகவே வெட்டுகிற அப்பாவுக்குப் பட்டணத்தில் படித்த ஒரு மகன் முளைத்தான். அடுத்து முதலாளியின் மனைவி, ஒரு மாரியம்மன் பாட்டு வேண்டும் என்றார். வைத்தேன். கடைசியாகச் சென்னையிலிருந்து டைரக்டர் வந்தார். கூரைக்கு அடியிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். முழுவதும் கேட்டுவிட்டு, "தண்ணி வரணும் சார்," என்றார்.

தண்ணீர் வராததுதான் கதை என்றேன். அது கதையாக இருக்கலாம், படமாகாது என்றார். அப்பா செத்த பிறகு மகன் ரிக் வண்டி கொண்டு வருகிறான், போர் போடுகிறான், தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீச்சி அடிக்கிறது, கதாநாயகி அதில் நனைந்துகொண்டு ஆடுகிறாள், படம் முடிகிறது. முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். தன் அப்பாவின் கதை தன் வண்டிகளுக்கு விளம்பரமாக முடிவதில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் தென்படவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. சரி என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றவன். அன்று மட்டும் வேறு வார்த்தை எங்கிருந்து வரும்?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் சரீன்னு சொல்றதுக்கு நீங்க எதுக்குங்க? கையெழுத்து நல்லா இருக்கற ஆளு யாராச்சும் போதுமே."

அந்தத் தண்ணீர் ஆட்டத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். கோபத்தில் இருந்தேன். ரிக் ஓடும் சத்தத்தையே பல்லவியாக்கி, டக்குடக்குடக்கு என்று மூன்று வரி. அதற்குக் கீழே தண்ணி வந்தாச்சு, தாகம் தீர்ந்தாச்சு, மாமன் மேலே மோகம் வந்தாச்சு. கேட்கிறவர்களைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். இசையமைப்பாளர் மெச்சிக்கொண்டாராம். இவ்வளவு காலம் இப்படி எழுதாமல் எங்கே போயிருந்தார் என்று கேட்டாராம்.

படப்பிடிப்புக்கு டைரக்டர் தேர்ந்தெடுத்த இடம் ஜேடர்பாளையம். தண்ணீரில்லாத சீமையின் கதையை எடுக்க, காவிரி அணைக்கட்டில் தளும்பி வழிகிற ஊர். கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். எனவே ஒவ்வொரு காட்சியிலும் ஆற்றை மறைக்க வேண்டியிருந்தது. காமிராவுக்குப் பின்னால் ஆறு, முன்னால் நாலு காய்ந்த முள்செடி. செடிகளை ராசிபுரம் பக்கத்திலிருந்து லாரியில் கொண்டு வந்தார்கள். கடைசிக் காட்சிக்கு முதலாளியின் புது ரிக் வண்டியையே நிறுத்தினார்கள். அது உண்மையில் துளை போடவில்லை. ஆற்றில் மோட்டார் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் புதைத்து, காவிரித் தண்ணீரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் பீச்சவிட்டார்கள். வேடிக்கை பார்க்க ஜேடர்பாளையமே கூடியிருந்தது. பிறந்ததிலிருந்து ஆற்றில் குளிக்கிற ஜனங்கள், குழாயில் வந்த அதே தண்ணீரைப் பார்த்து விசில் அடித்தார்கள்.

அன்றைக்குத்தான் முதலாளியின் அம்மா வந்திருந்தார். கூடை இழுத்துக் கொட்டியவர். மகன் கார் வைத்து அழைத்து வந்து, டைரக்டருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். வெள்ளைச் சேலை, காய்த்துப்போன உள்ளங்கைகள். பாட்டு ஓடியது, தண்ணீர் எழும்பியது, அந்தப் பெண் நனைந்து ஆடினாள், மச்சினன் மீசையோடு ஆடினான். அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு எழுந்து, கூட்டத்தில் என்னிடம் வந்தார். எழுதினவர் யார் என்று யாரோ கை காட்டியிருக்க வேண்டும்.

"தண்ணி வரலீங்க சாமி," என்றார். "வந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. தண்ணி வந்ததுன்னு எழுதுனது நீங்களாங்க?"

குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான் எழுதலீங்கம்மா," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போனார். அரசவையில் நின்று உண்மைக்காக உயிர் விடுகிற எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியவன் நான். எனக்கு வந்தது இரண்டு வார்த்தை. அதுவும் பொய்.

படம் வெளியானது. திருச்செங்கோட்டில் முதலாளியின் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாரும் பார்த்தார்கள், பிறகு பார்க்க ஆள் இல்லை. ஓமலூரில் ஒரு வாரம். கிணற்றுக்குள் அப்பா பேசும் நாலு பக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. அதற்கும் பீடி பற்ற வைக்க வெளியே போனார்கள். மச்சினனின் முகத்தைப் பெரிதாகக் காட்டிய இடங்களில் எல்லாம் சிரித்தார்கள். படம் அதோடு தொலைந்திருந்தால் நானும் தொலைந்திருப்பேன். அந்தப் பாட்டு தொலையவில்லை.

லாரிகளில் பாடியது. கல்யாணப் பந்தலில் பாடியது. மாரியம்மன் பண்டிகையில், நான் மாரியம்மனுக்கென்றே எழுதிய பாட்டை விட்டுவிட்டு இதைப் போட்டார்கள். தேர்தல் வந்தபோது தண்ணி என்ற இடத்தில் சின்னத்தின் பெயரை மாற்றி இரண்டு கட்சிகளும் பாடின. புதிதாக ரிக் வண்டி வாங்கிப் பூசை போடுகிறவர்கள் எல்லாரும், ராசிக்காக, முதலில் இந்தப் பாட்டைப் போடுவது வழக்கமாகிவிட்டது. எழுதியவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் என்னையே கூப்பிட ஆரம்பித்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போய் எலுமிச்சம்பழம் வைக்காத வண்டி அந்த வட்டாரத்தில் குறைவு. சந்தனம் தடவினார்கள், துண்டு போர்த்தினார்கள். ஆயுள் முழுவதும் எழுதியதற்குக் கிடைக்காத மரியாதை, டக்குடக்குடக்குவுக்குக் கிடைத்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தனம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

நாமக்கல்லில் ஒரு பாராட்டு விழாவே நடத்தினார்கள். வாழ்த்திப் பேசிய தமிழாசிரியர், அந்தப் பாட்டின் மூன்று வரிச் சத்தத்தில் உழைப்பாளியின் இதயத் துடிப்பைக் கேட்பதாகச் சொன்னார். இன்னொருவர் நீர் என்பது அதில் விடுதலையின் குறியீடு என்றார். மோகம் வந்ததற்கு மட்டும் யாரும் பொருள் சொல்லவில்லை. மச்சினன் மேடையில் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அவன் அப்போது ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தான். கீழே பெண்கள் வரிசையில் என் மனைவி முகத்தைத் துடைப்பதைப் போலச் சிரிப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த விழாவிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு வெறி வந்தது. நான் அந்தப் பாட்டை எழுதினவன் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் எழுதிய அசல் கதை ஒன்று இருக்கிறது, அதை ஒரு ஆளுக்காவது காட்ட வேண்டும். யாருக்கு என்று யோசித்தால் கூடை இழுத்த அந்த அம்மா ஒருவர்தான் இருந்தார்.

அடுத்த வாரம் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு முதலாளியின் ஊருக்குப் போனேன். அவர் ஒரிசாவில் வேலையில் இருந்தார். அம்மா மட்டும் வீட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அன்றைக்கு ஜேடர்பாளையத்தில் பொய் சொன்னேன், தண்ணீர் வருகிற காட்சியும் நான் எழுதியதுதான் என்றேன்.

"தெரியுமுங்க," என்றார். "பையன் அப்பவே சொல்லிட்டான்."

அவ்வளவுதான். கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். முதலில் எழுதியது வேறு, அதில் தண்ணீர் வரவில்லை, படித்துக் காட்டலாமா என்று கேட்டேன். படிங்க என்றார்.

வெயில் இறங்கும்வரை படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன், நாடகக் கம்பெனியில் பழகியது. அப்பா பாறையிடம் பேசுகிறார், கடப்பாரையிடம் பேசுகிறார், மேலே நிற்கும் மனைவியிடம் நம் வியர்வையே ஊற்றாகாதா என்று கேட்கிறார். கிணற்றுக்குள் சாகும் நாலு பக்கத்தை எழுந்து நின்றே படித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இத்தன பேச்சு அவரு பேச மாட்டாருங்க சாமி," என்றார். "ஆறு வருசத்துல என்ர கூட இத்தன பேசலீங்க."

பிறகு, நான் கேட்டதால், நடந்ததைச் சொன்னார். அவர் கிணற்றுக்குள் சாகவில்லை. பொழுதோடு மேலே ஏறி வருவார், கை கால் கழுவுவார், சாப்பிடுவார், படுப்பார். எவ்வளவு ஆழம் ஆயிற்று என்று இவர் கேட்டதில்லை, கயிற்றின் நீளத்தில் தெரியும். ஒரு நாள் மத்தியானமே ஏறி வந்தார். கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். "கல்லுதான்," என்றார். அன்றிலிருந்து இறங்கவில்லை. குழியின் பக்கம் பார்க்கவும் இல்லை. அடுத்தவர் காட்டுக்கு வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் காய்ச்சல் வந்து ஒன்பது நாளில் போய்விட்டார். சாகும்போதும் எதுவும் பேசவில்லையா என்று கேட்டேன். எழுத்தாளன் புத்தி. எருமைக்குத் தண்ணீர் காட்டியாச்சா என்று கேட்டாராம், அதுதான் கடைசி.

நாற்பது வருஷமாக டைரக்டர்களையும் முதலாளிகளையும் மச்சினன்களையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். என் எழுத்தைக் கெடுத்தவர்கள் அவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கைவைப்பதற்கு முன்பே கெடுத்து வைத்திருந்தது யார் என்று அந்தக் கடலைத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. டைரக்டர் தண்ணீரைக் கொண்டு வந்தார். நான் வசனத்தைக் கொண்டு வந்திருந்தேன். இரண்டும் அந்தக் கிணற்றில் இல்லாதவை.

வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். பாறையிடம் பேசியது போயிற்று. கடப்பாரையிடம் பேசியது போயிற்று. வியர்வை ஊற்றானது போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் கட்டாக இருந்தது மெல்லிய நோட்டாகிவிட்டது. ஒரு ஆள் இறங்குகிறான், ஒரு பெண் கயிறு இழுக்கிறாள், கயிறு நீளமாகிறது. கடைசியில் ஒரு வார்த்தை, பிறகு எருமை. மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதது எனக்குப் புதிது.

சேலத்து நாடகக் குழு ஒன்றின் காரியதரிசி அதை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு வந்தார். மிகவும் மரியாதையானவர். வசனமே இல்லையே ஐயா, நடிகர்கள் மேடையில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். ஒரு பஞ்சாயத்துக் காட்சி சேர்த்து, அதில் அந்த மனிதர் ஊராரைப் பார்த்து ஒரு பக்கம் பேசினால் எடுபடும், உங்கள் வசனத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்றார். இடைவேளைக்கு முன்னால் அந்த ரிக் பாட்டையும் வைத்துக்கொண்டால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது என்றார். சரி என்றேன். வாய் பழகிவிட்டது.

ஆனால் எழுதவில்லை. பத்து நாள் கழித்து அவர் ஆள் அனுப்பினார், எழுதவில்லை. இதை யாரும் வீரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை. மூன்றாவது தடவை அவரே வந்தபோது பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார் என்று சொல்லிவிடு என்று மனைவியை அனுப்பினேன்.

அவள் வாசலுக்குப் போய், "அவரு எழுதித் தர மாட்டாராமுங்க," என்று சொல்லிவிட்டு வந்து, அடுப்பில் இருந்ததைக் கிளறினாள்.